ஒரு சுவருக்கு இரண்டு வீடு
மலாக்கா ஹீரன் தெருவில் ஒரு நடை



மலாக்கா பட்டணத்துக்கு நாம் போகாமலா இருக்கிறோம்? பள்ளி விடுமுறை விட்டால் போகிறோம். மாசி மகத்துக்குச் சன்னாசிமலை போகும்போது அப்படியே பட்டணத்தையும் எட்டிப் பார்க்கிறோம். கல்யாணம் என்றால் சேலை எடுக்கவும் நகை வாங்கவும் போகிறோம். போனால் சிவப்புக் கட்டடத்தின் முன்னே ஒரு படம், இடிந்த கோட்டை வாசலில் ஒரு படம், பூச்சூடிய திரிஷாவில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று, ஆளுக்கொரு கிண்ணம் செண்டோல். அவ்வளவுதான், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

அடுத்த முறை போகும்போது இன்னும் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய வரிசை வீடுகள் நிற்கும் ஒரு தெருவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

"வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். லயத்தில் பிறந்தவர்கள் நாம். இன்று தாமானுக்குக் குடிவந்த பிறகும் நம்மில் பலர் வரிசை வீட்டில்தான் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நம் வீட்டில் தும்மல் வரும். இப்படி வாழ்ந்த நம்மைவிட ஒரு வரிசை வீட்டைப் புரிந்துகொள்ளத் தகுதியானவர் யார்? அதுமட்டுமல்ல. அந்தத் தெருவின் அழகில் நம் பாட்டன் பூட்டன் வெட்டிய பாலுக்கும் பங்கு உண்டு. அதையும் சொல்கிறேன், வாருங்கள்.

போகும் வழி

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மலாக்கா சென்ட்ரலில் இறங்கி, பட்டணத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். சிவப்புக் கட்டடத்தின் அருகில் இறங்கிவிடலாம். டச்சுக்காரர்கள் 1641-ல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தபின் கட்டிய ஆட்சி மாளிகை அது. அதன் எதிரே ஆற்றின்மேல் இருப்பது டான் கிம் செங் பாலம். பாலத்தைத் தாண்டினால் பழைய வியாபாரப் பட்டணம் தொடங்குகிறது.

இங்கே தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. கூட்டம் அலைமோதுவது ஜோங்கர் தெரு. அதற்கு இன்றைய பெயர் ஜாலான் ஹாங் ஜெபாட். அதற்கு இந்தப் பக்கம், கடலை ஒட்டி ஓடியதுதான் நாம் பார்க்கப்போகும் ஹீரன் தெரு. இன்றைய பெயர் ஜாலான் துன் டான் செங் லோக். ஜோங்கருக்கு அந்தப் பக்கம் தட்டார் தெரு, அதாவது ஜாலான் துக்காங் எமாஸ். அங்கேதான் 1781-ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. மலாக்கா செட்டிச் சமூகத்தின் தலைவராக இருந்த தவிநாயகர் செட்டிக்கு டச்சு ஆட்சியார் கொடுத்த நிலத்தில் எழுந்த கோயில். அதே தெருவில், இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-ல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசலும் இருக்கிறது. தோட்டங்களுக்கு ஆள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் இந்தத் தெருக்களில் நடமாடியிருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நடையைத் தொடங்குவோம்.

சீமான்கள் தெரு

'ஹீரன்' என்ற டச்சுச் சொல்லுக்குச் சீமான்கள், கனவான்கள் என்று பொருள். டச்சுக்காரர்கள் காலத்தில் வசதி படைத்தவர்கள் குடியிருந்த தெரு. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். 1824-ல் செய்த ஒப்பந்தப்படி மலாக்கா அவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. வீடுகள் மெல்ல மெல்லப் பாபா சீன வணிகர்கள் வசமாயின. அவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கு வந்து, மலாய் மொழியும் சமையலும் உடையும் கலந்து வாழப் பழகிய சீனர்கள். ஆணைப் பாபா என்றும் பெண்ணை நியோன்யா என்றும் அழைப்பார்கள்.

தெருவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கை நுழையும் சந்துகூடக் கிடையாது. முகப்பைப் பார்த்தால் இருபது அடி இருந்தாலே பெரிது. உள்ளே போனால் அதைப்போல் ஐந்து மடங்கு, ஆறு மடங்கு நீளத்துக்குக் கூடம் கூடமாய்ப் போய்க்கொண்டே இருக்கும். கடலோர வரிசை வீடுகளின் பின்வாசலைத் திறந்தால் அந்தக் காலத்தில் கடல்தான். பின்னால் கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலம் சேர்த்ததில், அலை எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

ஏன் இவ்வளவு குறுகலாகக் கட்டினார்கள்? காரணம் மரத்தில் இருக்கிறது. இரண்டு பக்கச் சுவர்களும்தான் வீட்டைத் தாங்குகின்றன. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு உத்திரம் போட்டு, அதன்மேல் மாடிப் பலகையை அடிக்கிறார்கள். உத்திரத்துக்கு எவ்வளவு நீளமான நல்ல மரம் கிடைக்குமோ அவ்வளவுதான் வீட்டின் அகலம். நடுவில் தூண் வேண்டாம். அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொந்தம். அவர் வீட்டு உத்திரத்தின் முனையும் மறுபக்கத்தில் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு சுவருக்கு இரண்டு வீடு! செலவும் மிச்சம், இடமும் மிச்சம்.

லண்டனில் பிடித்த நெருப்பு

வரிசை வீடு நம் நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. இங்கிலாந்துக்காரர்களுக்கும் அதுதான் பட்டணத்து வீடு. 1666-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒரு பெரிய தீ பிடித்தது. மர வீடுகள் நெருக்கமாக நின்றதால் நான்கைந்து நாட்களில் 13,000 வீடுகளுக்குமேல் சாம்பலாயின. மறு ஆண்டே சட்டம் வந்தது. இனிமேல் வீட்டைச் செங்கல்லிலோ கருங்கல்லிலோதான் கட்டவேண்டும், இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் இன்ன கனம் இருக்கவேண்டும் என்று அளவு வைத்தார்கள். ஒரு வீடு எரிந்தால் அடுத்த வீட்டுக்குத் தாவாமல் அந்தச் சுவர் தடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பிறகு அதுவே அழகாகவும் மாறியது. பாத் என்ற ஊரில் 1767 முதல் 1774 வரை, பிறைநிலவு வடிவத்தில் 30 வீடுகளை ஒட்ட ஒட்டக் கட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே அரண்மனைபோல் தோன்றும். கிட்டப் போய் எண்ணினால் முப்பது வாசல்!

அந்த ஊர்க் குளிருக்கு ஏற்றபடி ஜன்னலும் கணப்பும் வைத்தார்கள். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அது போதுமா? 1822-ல் சிங்கப்பூர்ப் பட்டணத்துக்குத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், தெருவில் வரிசையாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கவேண்டும், அது வீட்டுக்கு வீடு தொடர்ந்து போகவேண்டும் என்று கட்டளையிட்டார். அதைத்தான் நாம் 'அஞ்சடி' என்கிறோம். மலாய்க்காரர்கள் 'காக்கி லீமா' என்கிறார்கள். ஜாசின் பட்டணத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறோமே, அதே அஞ்சடிதான். ஹீரன் தெருவில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. பல வீடுகளில் அஞ்சடியின் இரண்டு பக்கத்தையும் சுவர் வைத்து மறித்திருப்பார்கள். நடைபாதையாக இல்லாமல், அது அந்தந்த வீட்டின் திண்ணையாக இருக்கும்.

எட்டாம் எண் வீடு

முதலில் எட்டாம் எண் வீட்டைப் பாருங்கள். தெருவின் ஆடம்பர வீடுகளோடு ஒப்பிட்டால் இது ஏழை வீடு. டச்சுக்காரர்கள் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த சிறிய மாடி வீடு. தூண் அலங்காரமோ பூ வேலையோ எதுவும் கிடையாது. பாழடைந்து கிடந்த இதனை, நாட்டின் பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1983-ல் தோன்றிய பாடான் வாரிசான் மலேசியா என்ற அமைப்பு, 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பழுது பார்த்து எடுத்தது. பழைய வீட்டை எப்படிப் பழுது பார்க்கவேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டும் மாதிரி வீடாக இதைச் செய்தார்கள்.

என்ன அப்படி மாதிரி? சுவரைக் கவனியுங்கள். செம்பாறைக் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். சிமெண்டு கிடையாது. "சிமெண்டுதானே பலம்?" என்று கேட்கத் தோன்றும். புது வீட்டுக்குச் சரி. பழைய வீட்டுக்கு அது விஷம். கடலோர மண்ணில் ஈரம் அதிகம். அந்த ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தடுக்காமல் மெல்ல வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடும் என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். ஈரத்தோடு வந்த உப்பும் சேர்ந்து செங்கல்லை அரித்து மாவாக்கிவிடும். வெளியே பார்த்தால் சுவர் பளபளவென்று இருக்கும், உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும்!

சுண்ணாம்பு நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் செட்டிநாட்டு மாளிகைகளில் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்த சுவர்களை இன்றும் காணலாம். தைப் பொங்கலுக்கு முன் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த பழக்கமும் நமக்கு உண்டல்லவா?

மேலே பாருங்கள். சுட்ட மண் ஓடு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறும். கீழே பாருங்கள். சதுரச் செம்மண் தரை ஓடு. வெறுங்காலோடு நின்றால் நடுப்பகலிலும் குளிர்ச்சி தெரியும்.

பாபா வீட்டுக்குள்ளே

இனி 48, 50-ஆம் எண் வீடுகளுக்கு வாருங்கள். சான் என்ற பாபா குடும்பத்தார் 1861 முதல் நான்கு தலைமுறையாக வாழ்ந்த வீடு. 1985-ல் பாபா நியோன்யா அருங்காட்சியகமாக மாறியது. உள்ளே போகக் கட்டணம் உண்டு. நீங்கள் போகும் நாளில் திறந்திருக்குமா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

வாசலில் இரட்டைக் கதவு இருக்கும். உள்ளே இருப்பது முழுக்கதவு. வெளியே இருப்பது இடுப்பளவு, மார்பளவு உயரத்தில் செதுக்கு வேலை செய்த அரைக்கதவு. பகலில் முழுக்கதவைத் திறந்து அரைக்கதவை மட்டும் சாத்தி வைப்பார்கள். காற்று வரும், தெருவில் போகிறவன் பார்வை வராது. எவ்வளவு எளிய யோசனை!

முதல் கூடம் விருந்தினருக்கு. விருந்தினர் அதற்குமேல் உள்ளே வரக்கூடாது. அதன் பின்புறம் செதுக்கு வேலை செய்த மரத் தட்டி. கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் அந்தத் தட்டியின் இடுக்கு வழியே வந்தவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். மாடித் தரையிலும் ஒரு சின்னத் துவாரம் உண்டு. பலகையை நகர்த்தினால் கீழே வாசலில் நிற்பது யார் என்று தெரிந்துவிடும்.

உள்ளே நடந்தால் திடீரென்று வெளிச்சம். அண்ணாந்து பார்த்தால் வானம்! வீட்டின் நடுவே கூரையில்லாத முற்றம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் வரிசை வீட்டுக்குப் பக்க ஜன்னல் கிடையாது. அத்தனை நீளமான வீடு இருட்டுக் குகையாகிவிடாமல் காப்பது இந்த முற்றம்தான். வெயிலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே எழுந்து போகும். அந்த இடத்தை நிரப்ப வாசலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் வீடே விசிறியாக இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் தாழ்வான முற்றத்தில் விழுந்து, தரைக்கடியில் ஓடும் சாக்கடை வழியே போய்விடும். வீட்டுக்குள் மழை விழுந்தால் செல்வம் விழுகிறது என்பது சீனர் நம்பிக்கை. காரைக்குடிப் பக்கத்து வீட்டு முற்றத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு, இது நம் வீடுபோலவே தோன்றும்.

முற்றத்தைத் தாண்டினால் முன்னோரை வணங்கும் இடம். அதற்கும் அப்பால் சமையற்கட்டு. மாடிப்படியின் மேல்முனையில் ஒரு கதவு படுக்கை வாட்டில் இருக்கும். இரவில் அதை இழுத்து மூடித் தாழ் போட்டால், கீழே திருடன் வந்தாலும் மாடிக்கு ஏற முடியாது.

வெளியே வந்து முகப்பை மறுபடி பாருங்கள். கிரேக்க, ரோமானிய பாணித் தூண்கள். சுவரில் சுதையால் செய்த பூக்கள், பறவைகள். ஜன்னலுக்குக் கீழே வண்ண வண்ணப் பீங்கான் ஓடுகள். தெரு முழுக்க இப்படித்தான். இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த பீங்கான் ஓடுகளை இந்த மாதிரி வீடுகளில் பதித்தார்கள். டச்சுக்காரன் காலத்து மொட்டைச் சுவர்கள் பலவற்றுக்கு இந்த நகைகளைப் பூட்டியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். சரி, அந்த நேரத்தில் பணம் எங்கிருந்து வந்தது?

பால் கொட்டிய பணம்

இந்த இடத்தில்தான் நம் கதை வருகிறது.

மலாக்கா பாபா குடும்பம் ஒன்றில் 1870-ல் பிறந்தவர் டான் சாய் யான். காப்பியும் மரவள்ளியும் பயிரிட்டவர்கள் நடுவே, புது மரம் ஒன்றை நட்டுப் பார்க்கத் துணிந்தார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி, ரப்பர் போடுங்கள் என்று தோட்டக்காரர்களையெல்லாம் நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. பலர் சிரித்தார்கள். டான் சாய் யான் கேட்டார். 1896-ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். இரண்டே ஆண்டில், 1898-ல் புக்கிட் அசாஹானில் மிகப் பெரிய அளவில் காடு வெட்டி நடத் தொடங்கினார். கார் வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை ஏறியது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இந்தத் தெருவுக்கே பெயரான துன் டான் செங் லோக், 1883-ல் இதே ஹீரன் தெருவில் பிறந்தவர். 1949-ல் மலாயன் சீனர் சங்கத்தைத் தொடங்கிய தலைவர். அரசியலுக்கு வருமுன் அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? சிங்கப்பூரில் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு, 1908-ல் புக்கிட் காஜாங் ரப்பர்த் தோட்டத்தில் உதவி நிர்வாகியாகச் சேர்ந்தார். பிறகு நியாலாஸ் தோட்டத்திலும் பணியாற்றி, மலாக்கா பிண்டா, ஆயர் மோலேக் ரப்பர்க் கம்பெனிகளைத் தொடங்கினார்.

அசாஹான், நியாலாஸ், மலாக்கா பிண்டா! இந்தப் பெயர்களைப் படிக்கும்போது உங்களில் எத்தனை பேருக்கு "அது எங்கள் ஊர்" என்று மனம் துள்ளும்! அந்த மண்ணில் காடு வெட்டியவர்களில் சீனர் உண்டு, மலாய்க்காரர் உண்டு, ஜாவாக்காரர் உண்டு. ஆனால் மலாக்காத் தோட்டங்களில் ஆண்டாண்டாக விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, பால் வாளி சுமந்தவர்களில் பெரும்பகுதி நம்மவர். அந்தப் பால் சீட்டாகிக் கப்பலேறியது. லாபத்தின் பெரும்பங்கு லண்டனுக்குப் போனது. ஒரு பங்கு இந்தத் தெருவுக்கும் வந்தது. ஆகவே அந்தச் சுதைப் பூக்களைப் பார்க்கும்போது பொறாமைப்பட வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். நம் கை பட்ட பொருள் என்ற உரிமையோடு பாருங்கள்.

நம்முடைய வரிசை

அதே காலத்தில், அதே ரப்பருக்காக, இன்னொரு வகை வரிசை வீடும் எழுந்தது. அதுதான் லயம்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. இரண்டிலும் முன்னால் ஒட்டுத் திண்ணை, பின்னால் அடுப்படி. ஆனால் ஹீரன் தெருவில் சுவர் கூரையையும் தாண்டி நின்றது. பல லயங்களில் பலகைத் தடுப்பு கூரைவரை எட்டவே இல்லை. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் லயமே விழித்துக்கொண்டது. அங்கே காற்றுக்கு முற்றம் வைத்தார்கள். இங்கே தலைக்குமேல் தகரம் காய்ந்தது. அங்கே விருந்தினருக்கு ஒரு கூடம், முன்னோருக்கு ஒரு கூடம். இங்கே படுக்கை, பண்டம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாம் ஒரே அறையில். அங்கே குடும்பத்தை நினைத்துக் கட்டினார்கள். இங்கே ஆளை எண்ணிக் கட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஹீரன் தெரு வீடு தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. வேலை நின்றால் சாமான்களைக் கட்டவேண்டியதுதான். 1966-லும் 1990-லும் தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வைத்துச் சட்டங்கள் வந்தன. கல் வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம் என்று நிலைமை மாறியது. ஆனால் வீடு சொந்தமாகவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், செம்பனைக்கு மாறியபோதும், வீடமைப்பு மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோதும் லயங்கள் சரிந்தன. நாற்பது ஆண்டு வாழ்ந்த இடத்தில் இன்று ஒரு கோயிலும் ஓர் ஆலமரமும் மட்டும் மிஞ்சி நிற்பதைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

காப்பது யார்?

பழைய வீட்டைச் சட்டம் போட்டுக் காக்க முடியுமா? முடியும். இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டின் சட்டத்தில் தொடங்கி, வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களுக்குப் பட்டியல் போட்டுத் தரம் பிரித்து வைக்கிறார்கள். பட்டியலில் ஏறிய வீட்டின் சொந்தக்காரர்கூட அனுமதி இல்லாமல் அதன் தன்மையை மாற்ற முடியாது. பாத் நகரத்துப் பிறை வீடுகள் அதில் முதல் தரம்.

நம் மாநிலத்தில் 1988-ல் பண்பாட்டு மரபைக் காக்கும் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-ல் வந்தது. 2008 ஜூலையில் மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலக மரபுடைமை இடங்களாக அறிவித்தது. ஹீரன் தெரு அந்த எல்லைக்குள் இருக்கிறது.

சுவர் தப்பியது. மனிதர்கள்? பழைய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்றக்கூடாது என்றிருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1997-ல் நிறைவேறிய சட்டத்தால் 1999 முடிவோடு நீங்கியது. வாடகை ஏறியது. தலைமுறையாக இருந்த தையற்காரரும் தகர வேலைக்காரரும் சிறு வணிகரும் பலர் வெளியேறினார்கள். அவர்கள் இருந்த இடத்தில் தங்கும் விடுதி, காப்பிக்கடை, நினைவுப் பொருள் கடை. பழைய பட்டணத்தில் வீடு இருக்கிறது, குடித்தனம் குறைந்துவிட்டது. தோட்டத்திலோ குடித்தனமும் போயிற்று, வீடும் போயிற்று.

"சீமான் வீட்டைக் காப்பாற்றுவார்கள், கூலிக்காரன் வீட்டை யார் காப்பாற்றுவார்கள்?" என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடுகள் இருந்தன. நம் லயம்போலவே முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவே ஒரு பொது முற்றம், அங்கேதான் துவைப்பதும் கழிப்பதும். அந்த மாதிரி வீடுகள் ஆயிரக்கணக்கில் இடிக்கப்பட்டன. மிஞ்சிய ஒரு முற்றத்து வீடுகளைப் பட்டியலில் ஏற்றிப் பழுது பார்த்து, 2004-ல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். அங்கே வாழ்ந்த எளிய குடும்பங்களின் கதையைச் சொல்லித்தான் வீட்டைக் காட்டுகிறார்கள். கட்டிய பணத்தால் மட்டும் ஒரு வீட்டுக்கு வரலாறு வந்துவிடுவதில்லை. வாழ்ந்தவர்களாலும் வருகிறது.

நாம் செய்யக்கூடியது

இடிந்த லயத்தை நாம் திரும்பக் கட்ட முடியாது. ஆனால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டாம், ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும்.

இந்த வாரமே வீட்டில் உள்ள பெரியவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். லயம் எந்தப் பக்கம் பார்த்து நின்றது? ஒரு வரிசையில் எத்தனை வாசல்? குழாய் எங்கே, பெரட்டுக் களம் எங்கே, ஆயக்கொட்டகை எங்கே, பால் ஸ்டோர் எங்கே, கோயில் எங்கே? பிள்ளைகளை அதை ஒரு படமாக வரையச் சொல்லுங்கள். அறையின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். பெரியவர்களின் கால்களுக்கு அது மறந்திருக்காது. பிறகு முதல் வாசலிலிருந்து கடைசி வாசல்வரை யார் யார் குடியிருந்தார்கள் என்று வரிசையாகப் பெயர் எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், என்ன வேலை பார்த்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். லயம் இன்னும் நின்றுகொண்டிருக்கும் தோட்டமாக இருந்தால், கைத்தொலைபேசியில் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம், கூரை என்று ஒன்று விடாமல் படம் பிடித்து வையுங்கள்.

அதை எழுதி முடித்த கையோடு பிள்ளைகளை ஹீரன் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எட்டாம் எண் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்தில் நிறுத்தி வானத்தைக் காட்டுங்கள். வீடு காற்று வாங்கும் விதத்தை விளக்குங்கள். இன்று நம் தாமான் வீடுகளில் பின்பக்கத்து வெட்டவெளியைத் தகரம் போட்டு மூடி அறையாக்கிவிட்டு, பிறகு வெக்கை தாங்கவில்லை என்று குளிர்சாதனம் மாட்டுகிறோமே, அது சரியா என்று அவர்களே கேட்பார்கள்.

கேட்டுக்கொண்டே வெளியே வரும்போது அசாஹான் கதையைச் சொல்லுங்கள். இந்தத் தெருவில் நின்ற வரிசையும் நம் தோட்டத்தில் நின்ற வரிசையும் ஒரே மரத்தின் பாலில் வளர்ந்தவை என்று சொல்லுங்கள். ஒரு வரிசைக்கு உலகமே காவல் இருக்கிறது. மற்றொரு வரிசைக்குக் காவல் உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகம்தான்.

சென்று வாருங்கள். வந்து எழுதுங்கள்!